சுண்டைக்காய்ச் சூரியன்

அந்த ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் நாங்கள் ஒரு சொல்லைப் பயந்து பயந்துதான் பேசினோம். 'ரொம்ப' என்ற சொல். ரொம்ப வலி, ரொம்ப தூரம், ரொம்ப நாள் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். நடை பழக்க வரும் அந்த அம்மாள் கட்டிலருகே வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பார்.

"எத்த வெச்சி ரொம்ப?"

கேட்டுவிட்டுப் போய்விடவும் மாட்டார். பதில் வருகிறவரை நிற்பார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ரிடையர்டு ரயில்வேக்காரர் ஒருநாள், "ஒரே வலியா இருக்கு மேடம்" என்று 'ரொம்ப'வைத் தவிர்த்துத் தப்பிக்கப் பார்த்தார். "நேத்து வலிய வெச்சா, முந்தாநாள் வலிய வெச்சா?" என்று கேட்டார் மேடம். ரயில்வேக்காரர் டம்ளரைத் தூக்கி எறிந்தார். மேடம் அதை எடுத்து, கழுவி, மேசைமேல் வைத்துவிட்டு, "நேத்து இத்த தூக்கவே முடியல. இன்னிக்கு எறியறீங்க" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மேடத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில், நீளமான வராந்தாவும் முன்னால் பெரிய காலி இடமுமாக இருபது கட்டில் போட்ட சின்ன எலும்பு ஆஸ்பத்திரி அது. இப்போது அங்கே வரிசையாக மொபைல் கடைகள் இருக்கின்றன.

நான் நகரிக்காரன். பவர்லூம் ஓட்டுபவன். புத்தூர் ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ என் வண்டியைத் தட்டிவிட்டுப் போனதில் தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். பவர்லூம் ஓட்டுகிறவனுக்கு உட்காரும் வேலை கிடையாது. நாலு தறிக்கு நடுவில் எட்டு மணி நேரம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கவேண்டும். எந்தத் தறியில் நூல் அறுந்தாலும் ஓடவேண்டும். "உகாதி வரைக்கும் உன் தறிய வேற யாருக்கும் குடுக்கமாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாதுப்பா" என்று முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். அவருக்கும் தறி ஓடவேண்டும்.

மேடம் முதல்நாள் வந்து என் காலைப் பார்க்கவில்லை. "இன்னா வேலண்ணா?" என்றார். சொன்னேன். "வூட்டுக்கும் தறி கொட்டாய்க்கும் எவ்ளோ தூரம்?"

"பக்கந்தான் மேடம்."

"எத்த வெச்சி பக்கம்?"

எனக்குக் கோபம் வந்தது. கால் உடைந்து கிடக்கிறவனிடம் இதென்ன விசாரணை? என் மனைவி சரசு பொறுமைசாலி. பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் போனவள், வீட்டுவாசலிலிருந்து தறிக்கொட்டகை வாசல்வரை நடந்து எண்ணிக்கொண்டு வந்தாள். இருநூற்று ஐம்பத்து நாலு அடி. மேடத்துக்கு அதுவும் போதவில்லை. "யாரோட அடி?" என்றார். சரசுவின் குதிகாலைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி, வராந்தாவில் நடக்கவிட்டு, ஈரத் தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே டெய்லர் டேப் வைத்து அளந்தார். இருபத்திரண்டு இஞ்ச். எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் நான் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றதும் எனக்கும் அதே ஈரக்கால் சோதனை. என் அடி ஆறு இஞ்ச் வந்தது.

மறுநாள் காலை வராந்தா முனையில் ஒரு ஸ்டூலும், அதன்மேல் ஒரு சுண்டைக்காயும் இருந்தன.

"இது சூரியன்" என்றார் மேடம்.

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

கணக்கு இதுதான். சூரியனிலிருந்து பூமி பத்து அடி. அப்படி வைத்துக்கொண்டால் புதன் நாலாவது அடியில் வரும், வெள்ளி ஏழில், செவ்வாய் பதினைந்தில். தரையில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் பெயர் எழுதியிருந்தார். தூரத்தை நம் அடியில் வைத்துவிட்டால் சூரியனின் பருமனை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாதாம். அது ஒரு அடி நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கவேண்டும். ஆறு இஞ்ச் அடிக்குச் சுண்டைக்காய்தான் சரியாக வரும்.

"பூமி எங்க மேடம்? பிளாஸ்டர்தான் இருக்குது" என்று சரசு கேட்டாள்.

"மைதா மாவுல ஒரு துகள எடுத்தா அதான் பூமி. கண்ணுக்குத் தெரியாது. அதுலதான் நகரி, புத்தூர், உங்க முதலாளி, அவரோட உகாதி எல்லாம் இருக்குது" என்றார் மேடம். "நடங்கண்ணா. இன்னிக்கு புதன்."

நாலு அடி. அந்த நாலு அடிக்கு என் பனியன் முழுக்க நனைந்துபோனது.

ஒரு வாரத்தில் பூமிக்குப் போனேன். பிறகு செவ்வாய். என் அடியும் நீண்டுகொண்டு வந்தது. பன்னிரண்டு இஞ்ச் தொட்ட அன்று சுண்டைக்காயை எடுத்துவிட்டு ஸ்டூல்மேல் நெல்லிக்காயை வைத்தார். பிளாஸ்டரை எல்லாம் உரித்து, இரண்டு பங்கு தள்ளி ஒட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து செவ்வாய் அந்த ஜன்னலாண்ட இருந்திச்சி. இன்னிக்கி ரூம் தாண்டி இருக்குது. நான் நடக்க நடக்க நீங்க தள்ளிக்கினே போறீங்களே, இது நியாயமா மேடம்?"

"எண்ணிக்கினு நடங்க" என்றார்.

எண்ணினேன். பதினைந்துதான் வந்தது.

"சூரியன் வளந்தா எல்லாம் சேந்து வளரணும். ஒண்ண மட்டும் இழுக்கறதுக்கு பேரு ஏமாத்து வேல" என்றார். அவருக்கு உலகத்தில் ஜென்ம விரோதி என்று ஒன்று உண்டென்றால் அது பள்ளிக்கூடப் புத்தகங்களில் வரும் சூரிய மண்டலப் படம்தான். சித்தூரில் பிசிக்ஸ் டிகிரி முடித்து, வாத்தியார் வேலைக்கு இரண்டுமுறை பரீட்சை எழுதியவர். அந்த வேலை கிடைக்காமல் ஒரு டிப்ளமா படித்து இங்கே வந்தவர். படத்தில் கிரகங்களைப் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு முகம் சிவந்துவிடும். "இந்த படத்த பாத்து வளந்தவந்தான், செவ்வாய்க்கு அடுத்தது வியாழன்னா அடுத்த வூடுன்னு நெனச்சிக்கினு இருக்கான்" என்பார்.

அது அடுத்த வீடு இல்லை என்பது எனக்குக் காலால் தெரியவந்தது. பதினைந்தில் செவ்வாய், வியாழன் ஐம்பத்திரண்டில். அந்த முப்பத்தேழு அடிக்கு நடுவே பிடிக்க ஜன்னல் கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது. இருந்த ஒரு நாற்காலியையும் அவரே எடுத்துப் போட்டுவிட்டார். மூன்று நாள் இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று போய்த் திரும்பினேன். நாலாம் நாள் முப்பதில் கால் மடங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயது ஆள், எல்லோரும் பார்க்க, மூக்கு ஒழுக அழுதேன்.

அவர் தூக்கிவிடவில்லை. பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாருமே இங்கதாண்ணா உக்காருவாங்க. இங்க ஒண்ணும் இல்ல, வெறும் கல்லுத் தூளுதான் சுத்திக்கினு இருக்குது. இங்கியே உக்காந்துட்டா எதாண்டயும் போய்ச் சேரமுடியாது."

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் காலு பழையபடி ஆவுமா?"

டாக்டர், நர்ஸ், மச்சான், முதலாளி என்று எல்லோரிடமும் இதைக் கேட்டிருந்தேன். எல்லோரும் ஆகும் என்றுதான் சொன்னார்கள்.

"ஆவாது" என்றார். "அர இஞ்ச் கம்மியாதான் இருக்கும். ஆனா தறி ஓட்டலாம்."

எனக்கு அவர்மேல் அப்போது வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆத்திரத்தில்தான் எழுந்தேன். மீதி இருபத்திரண்டு அடியையும் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்து, வியாழன் என்று எழுதியிருந்த பிளாஸ்டரைக் குதிகாலால் மிதித்தேன். திரும்பி வந்ததும், "மனுசன் நெலாவுக்கே போயிட்டான், நீ வராந்தால போறத்துக்கு அழுவறியே" என்று ரயில்வேக்காரர் கேலி பேசினார். மேடம் அவர் முகத்துக்கு நேரே சுண்டு விரலை நீட்டினார். "இந்த கணக்குல நெலா இருக்கறது இந்த வெரல் அகலம் கூட இல்ல சார். அவ்ளோதான் போனான். இவரு வியாழனுக்குப் போயிட்டு வந்துருக்காரு." அன்றிலிருந்து ரயில்வேக்காரர் என்னை மரியாதையாக 'வாங்க' என்றார்.

என் அடி பதினெட்டு இஞ்ச் ஆனபோது சூரியன் எலுமிச்சம்பழம் ஆனது. வம்பும் அதோடுதான் வந்தது. சூரியன் அந்த அளவுக்கு வந்ததும் கிரகங்களும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். பூமிக்கு ஒரு பொடி ரவை. வியாழனுக்கு மிளகு. சனிக்கு அதைவிடச் சின்ன மிளகு. யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் கடுகு. எல்லாவற்றையும் பிளாஸ்டர்மேல் ஒட்டினார். வியாழன் வராந்தாக் கோடியில், சனி எக்ஸ்ரே ரூம் வாசலில், யுரேனஸ் வாட்ச்மேன் கேட்டில், நெப்டியூன் தெருவில் டீக்கடை முன்னால். "அதுக்கும் அப்பால அடுத்த நட்சத்திரம் எங்க மேடம்?" என்று சரசு கேட்டாள். "நாயுடுபேட்ட போயி, கல்கத்தா ரோட்ட புடிச்சி, ஒரிசா வரைக்கும் நடக்கணும். அங்க இன்னொரு எலுமிச்சங்கா. நடுவுல டீக்கட கூட கெடையாது."

அவர் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். அன்று வெள்ளிக்கிழமை, அமாவாசை. வராந்தா முனையில் எலுமிச்சம்பழம். அங்கங்கே தரையில் மிளகு, கடுகு. எந்த ஊரில் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போவார்கள்?

முதலில் பார்த்தது வெதுருகுப்பத்து அம்மாள். அவர் புருஷன் மாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து மூன்றாம் கட்டிலில் கிடந்தார். அன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. "எவரு பெட்டினாரு இதி? யாரோ சேதபடி, செய்வினை வெச்சிட்டாங்க! எங்க ஆயன காலி பண்ண வெச்சிட்டாங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு தெலுங்கும் தமிழுமாக அலறினார். ஐந்து நிமிடத்தில் வார்டு காலி. பெருக்க வந்தவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பாதி போட்ட கட்டோடு ஒருவர் நொண்டியடித்து மாடிப்படி ஏறிவிட்டார். செய்வினை என்றால் சும்மாவா?

மேனேஜர் வந்தார். "எல்லாத்தையும் எடுங்க மேடம். இனிமே இந்த வெளையாட்டு வேணாம். வாக்கர் குடுத்து நடக்க வைங்க, அது போதும்" என்றார். உகாதிக்கு நாலு வாரம்தான் இருந்தது. நான் சனியைத் தொட்டிருந்தேன், தொண்ணூற்றைந்து அடி. வெறும் வாக்கரோடு விட்டால் நான் எத்தனை நாள் நடந்திருப்பேன் என்பது எனக்கே தெரியும்.

மேடம் யாரிடமும் வாதாடவில்லை. நேரே ஸ்டூலுக்குப் போய் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். ரயில்வேக்காரரின் பழக்கத்தியால் இரண்டாக நறுக்கினார். டம்ளரில் பிழிந்து, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, எல்லோர் எதிரிலும் மடமடவென்று குடித்தார். வியாழனை உரித்து வாயில் போட்டு மென்றார். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு வெதுருகுப்பத்து அம்மாளிடம் சொன்னார்:

"நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாட்டு பாடறவம்மா. எனக்கு செய்வினையும் தெரியாது, அத்த எடுக்கவும் தெரியாது. இதுல எதனா இருந்தா, துன்ன எனக்குத்தான் வரணும். நாளைக்கு காலைல ஒம்போது மணிக்கு நான் கேட்டுல வந்து நிக்கலன்னா நீங்க சொன்னது நெசம். நின்னா, உங்க வூட்டுக்காரர நான் நடக்க வெப்பேன். மேனேஜர் சார், உங்களுக்கும் அதே பந்தயந்தான்."

மறுநாள் எட்டரைக்கே ஜன்னலோரம் கூட்டம். அவர் தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். ஒன்பது அடித்தது. வரவில்லை. ஒன்பதே கால். வெதுருகுப்பத்து அம்மாள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்பதரைக்கு சரசு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கே, பிசிக்ஸ் படித்த அம்மாளின் மாணவனான எனக்கே, அந்த எலுமிச்சம்பழத்தின்மேல் ஒரு சந்தேகம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது நாற்பதுக்கு வந்தார். புடவையெல்லாம் தூசி. பாகாலா பக்கத்தில் பஸ் பஞ்சராகிவிட்டதாம். அங்கிருந்து ஒரு பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வந்திருக்கிறார்.

"லேட்டா வந்துட்டீங்க" என்றார் மேனேஜர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எத்த வெச்சி லேட்டு?" என்றார் மேடம். கைப்பையிலிருந்து புது எலுமிச்சம்பழத்தை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தார். வெதுருகுப்பத்து அம்மாளிடம் மிளகைக் கொடுத்து, "இத்த நீங்களே ஒட்டுங்கம்மா" என்றார். அந்த அம்மாள் ஒருமுறை தயங்கினார். பிறகு குனிந்து வராந்தாக் கோடியில் ஒட்டினார். காய்ச்சல் விட்டபின் அவர் புருஷனும் சுண்டைக்காயிலிருந்து தொடங்கினார்.

என்னை வீட்டுக்கு அனுப்புகிற நாளும் வந்தது. அதற்குள் கேட்டுவரைக்கும் போய்விட்டேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஆனால் எனக்கு உள்ளுக்குள் வேறொரு குறை. மேடத்தின் மேசைமேல் ஒரு சாத்துக்குடி இருக்கும். நல்ல காலோடு இருக்கிறவன் நடக்கிற அடிக்கு, இருபத்தெட்டு இஞ்சுக்கு, அதுதான் சூரியன். அதை ஸ்டூல்மேல் வைக்கும் நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். கடைசி நாள் மறுபடி ஈரக்காலோடு நடந்தேன். பதினெட்டு இஞ்ச். இரண்டு வாரமாக அதேதான். மேடம் டேப்பைச் சுருட்டினார். சாத்துக்குடியை எடுத்து உரித்து, பாதியை என்னிடம் நீட்டினார்.

"துன்னுங்கண்ணா. மீதிய நகரில நடங்க."

தின்றேன். அன்றே சரசுவோடு பஸ் ஏறி நகரிக்கு வந்தேன்.

உகாதிக்கு முந்தின நாள் காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினேன். வாசல்படிமேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். தெருவில் யார் என்ன நினைத்தால் எனக்கென்ன? சரசு கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கைத்தடியோடு எண்ணிக்கொண்டே நடந்தேன். ஐம்பத்திரண்டில் பால் பூத். தொண்ணூற்றைந்தில் ரேஷன் கடை. இருநூற்று நாற்பதில் கால் நடுங்கியது, நின்றேன், உட்காரவில்லை. முந்நூறில் டெய்லர் கடை வந்தது. முந்நூற்றுப் பத்தாவது அடியைத் தறிக்கொட்டகை வாசலுக்குள் வைத்தேன். முதலாளி எழுந்து நின்றார். என் நாலு தறியும் துணி போர்த்தி அப்படியே இருந்தன.

மேடத்துக்கு போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தார்.

"மேடம், கொட்டாய்க்கு வந்துட்டேன். நடந்தே வந்தேன்."

"எத்தினி அடி?"

"முந்நூத்திப் பத்து."

"சரியாப் போச்சி. உங்க வூட்டம்மா அடிய வெச்சி, நெப்டியூன் தாண்டி பத்து அடின்னு அப்பவே எழுதி வெச்சிட்டேன்."

"அப்பவேன்னா? என் அடி அப்ப ஆறு இஞ்ச்தான மேடம்?"

"பதினெட்டுல நிக்கும்னு எனக்குத் தெரியும்ணா. எக்ஸ்ரேவ பாத்தேன்."

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "எலுமிச்சங்காயோட நின்னுட்டேன் மேடம். சாத்துக்குடி வரவே இல்ல" என்றேன்.

"சாத்துக்குடிக்கு நெப்டியூன் எத்தினி அடி?"

"முந்நூறு."

"எலுமிச்சங்காய்க்கு?"

"முந்நூறு."

"சுண்டக்காய்க்கு?"

முதலாளி பார்க்கிறார் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நடந்தவனுக்கு எல்லாம் அதே முந்நூறுதாண்ணா. போயி தறிய போடுங்க."

போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துணியை விலக்கி முதல் தறியைப் போட்டேன். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. கொட்டகை அதிர்ந்தது. இணைப்பைத் துண்டிக்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அவர் அங்கேயே இருந்தார்.

"கேக்குதா மேடம்?" என்று கத்தினேன்.

"கேக்குதுண்ணா. நாலும் கேக்குது." பஸ் இரைச்சலுக்கு மேல் அவரும் கத்தினார். "ரொம்ப சந்தோசம்."

எதை வைத்து என்று நான் கேட்கவில்லை.